பன்றிக்குட்டிக் கேரியர்

அத்தியாயம் 7

மணிவண்ணனுக்குப் பயம் வந்துவிட்டால் வாய் நிற்காது. சாதாரண நாளிலேயே அந்த வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்று காலை தஞ்சாவூரில் காரைக் கிளப்பியதிலிருந்து திருத்துறைப்பூண்டி தாண்டும் வரை அவன் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான் என்றால், எவ்வளவு பயந்துபோயிருந்தான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“மேடம், நான் கடல்கரையில பொறந்தவன். படகு கவுந்து, மீன்பெட்டியைக் கட்டிப்புடிச்சு மிதந்திருக்கேன். அப்பக்கூட இப்படிப் பயந்ததில்லை. போயும் போயும் பன்னிக்குட்டிக்கா நான் பயப்படணும்?”

“நீ பன்னிக்குட்டிக்குப் பயப்படலை. அந்தக் கைப்புள்ளைக்காகப் பயப்படுறே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரோட்டைப் பாரு,” என்றார் தர்மாம்பாள். சொல்லிவிட்டு இரண்டு முறை தும்மினார். ஐப்பசி மழை அவர் மூக்கை அடைத்து மூன்று நாளாகிறது.

தர்மாம்பாள் பாதி ஆயுசை மாட்டு இன்சூரன்சில் கழித்தவர். செத்த மாட்டைப் பார்த்தே, அது நோயில் செத்ததா, பேராசையில் செத்ததா என்று சொல்லிவிடுவார். இப்போது தஞ்சாவூர் மேல வீதியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். மணிவண்ணன் அவருக்கு டிரைவர், உதவியாளர், தலைவலி, எல்லாம். அவர்களுடைய கார் அவனைவிடப் பழசு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியபடியே சிக்கிக்கொண்டு, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. மழைச்சாரல் அவன் வலது தோளை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

கேஸ் இதுதான். வடுவூரில் பிரகதீஸ்வரி என்று ஒரு பெண். புருஷன் பிரபு கத்தாரில் இருக்கிறான். பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குப் பேதி, ஜுரம் வராமல் காக்கிற மூலிகைப் பொடி தயாரிப்பது அவள் தொழில். பொடியைவிட அதைப் போட்டுக் கொடுக்கிற டப்பாதான் அவள் மூளைக்குச் சாட்சி. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது: எந்தப் பொருளையும் தனித்தனித் துண்டாகச் செய், எந்தத் துண்டும் எதோடும் பொருந்தட்டும், வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றிவிடலாம். ஓமப் பொடிக்கு ஒரு டப்பா, நிலவேம்புக்கு ஒரு டப்பா. ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மாட்டினால் அடியில் உள்ள தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி விழும். ஊரே அதைக் கேரியர் என்றுதான் சொன்னது.

இந்த மழை தொடங்கியதும் குட்டிகள் சாக ஆரம்பித்தன. பிரகதீஸ்வரி பதறிப்போய் எல்லாப் பண்ணைக்கும் சொல்லி அனுப்பி, கேரியர்களைத் திரும்ப வரவழைத்துத் தன் வீட்டு முன்கொட்டகையில் அடுக்கினாள். மருதையன் என்கிற பண்ணைக்காரர் மட்டும் தரவில்லை. நேற்று சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு குரல் வந்தது. “என் குட்டிங்க துடிச்ச மாதிரி உன் குட்டியும் துடிக்கும்டி.” அவ்வளவுதான், கட் ஆகிவிட்டது. அவளுடைய குட்டி என்றால் பூமிகா, இன்னும் தவழ ஆரம்பிக்காத பிள்ளை. வயலுக்கு நடுவே தனி வீடு. காலையில் அவள் போனில் அழுதபோது தர்மாம்பாள் கண்டிப்பாகச் சொன்னார்: போனை அணைத்துவிடு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்து, நாங்கள் இருவர் வந்தால் ஒழிய எவன் தட்டினாலும் திறக்காதே.

போன் வந்த நம்பரைத் துருவியதில் அது மருதையனிடம் கொண்டுபோய் விட்டது. மிரட்டியவரை முதலில் மடக்கிவிடலாம் என்று, வழியில் வடுவூரில்கூட நிற்காமல் நேரே அவர் பண்ணைக்கு வந்திருந்தார்கள்.

அவர் பண்ணை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆறடி உயரம், கையில் அரிவாள்.

“மேடம், நீங்க முன்னாடி போங்க. பெண்களுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு எங்கம்மா சொல்லியிருக்கு,” என்று முணுமுணுத்தான் மணிவண்ணன்.

தர்மாம்பாள் குடையை மடக்காமலேயே கேட்டார். “நேத்து சாயங்காலம் வடுவூருக்குப் போன் பண்ணது நீங்கதானே?”

அரிவாள் கீழே விழுந்தது. அந்த ஆறடி மனிதர் அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஆமாம்மா. ஆத்திரத்துல வாய்ல வந்துருச்சு. மொதல்நாள் ஓடி விளையாண்ட குட்டிங்க, விடிஞ்சு பார்த்தா வெறைச்சுக் கெடக்கு. வாய்க்கால் கரையில நான்தான் குழிவெட்டிப் பொதைச்சேன். ஆனா ஒரு கைப்புள்ளையை அப்படிச் சொல்லலாமா? ராவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. நானும் பேரன் பேத்தி எடுத்தவன்மா.”

மணிவண்ணன் பெருமூச்சு விட்டான். அழுகிறவன் கொலைகாரன் இல்லை என்று அவனுக்கு ஒரு கணக்கு. தர்மாம்பாளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நேராகக் கொட்டிலுக்குள் போனார்.

மூன்று தாய்ப்பன்றிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குட்டிகளுக்கென்று பலகையடித்த கூண்டு, உள்ளே கதகதப்புக்கு ஒரு பல்பு. மழை என்பதால் கூண்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு கூண்டுகள் காலி. மூன்றாவதில் குட்டிகள் கீச்கீச்சென்று முட்டி மோதிக்கொண்டிருந்தன.

“இதுங்க மட்டும் எப்படிப் பொழைச்சுது?”

“இதுங்களுக்குக் காய்ச்சல் இல்லம்மா. அதனால ஓம டப்பா ஒண்ணுதான் மாட்டினேன். மத்த ரெண்டு கூண்டுக்கும் ஓமம், நிலவேம்பு ரெண்டையும் மாட்டினேன்.”

“அப்ப நிலவேம்புலதான் விஷம். கேஸ் முடிஞ்சுது, டீ சாப்பிடலாம்,” என்றான் மணிவண்ணன்.

“அந்தத் தாய்ப்பன்னி வாயைப் பாரு.”

காலிக் கூண்டின் சந்து வழியாக மூக்கை நுழைத்து, தட்டில் மிச்சமிருந்த நிலவேம்புப் பொடியை அது சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. “தினம் இதே வேலைதாம்மா. அடிச்சாலும் கேக்காது,” என்றார் மருதையன்.

“பொடியைச் சோதனைக்கு அனுப்பியாச்சு, சுத்தம்னு வந்துருச்சு. பொடியைத் திங்கிற தாய்க்கும் ஒண்ணும் ஆகலை. அப்ப விஷம் பொடியில இல்லை,” என்ற தர்மாம்பாள், கூண்டிலிருந்த கேரியரைக் கழற்றினார். ஒரு டப்பா வந்தது. இன்னொரு டப்பா வந்தது. நடுவில் உள்ளங்கை அகல வளையம் ஒன்று வந்தது. “இது என்னங்க?”

“ரெண்டு டப்பாவை ஒண்ணோட ஒண்ணு மாட்டணும்னா நடுவுல வளையம் வேணும்ல.”

“ஒரே டப்பான்னா?”

“அதுக்கு எதுக்கும்மா வளையம்?”

தர்மாம்பாள் கூண்டருகே குனிந்தார். உயிரோடு இருக்கிற குட்டிகளைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். மணிவண்ணனுக்கும் புரிந்துவிட்டது. எல்லாரும் டப்பாவைச் சோதித்தார்கள். வளையத்தை ஒருத்தரும் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை.

“இதை யாரு செய்யறா?”

“அந்தப் பொண்ணோட அப்பாதான். வீரையன். மன்னார்குடியில பட்டறை.”

*

கேரியரை மறுபடி மாட்டிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மழை இப்போது வெளுத்து வாங்கியது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன. வைப்பர் ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் ரோடு மறைந்துபோயிற்று.

“பெத்த அப்பனா மேடம்? மகள் தொழில்ல விஷம் வைப்பானா ஒரு மனுஷன்?”

“தெரியலை.”

“தெரியலைன்னா எப்படி மேடம்? இல்லைன்னு சொல்லுங்க.”

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மணிவண்ணனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. உறைத்த வேகத்தில் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “மேடம், நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் கதவைத் திறக்காதன்னு சொன்னோம். அவங்க அப்பா வந்து தட்டினா?”

“திறப்பா,” என்றார் தர்மாம்பாள். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

பிரகதீஸ்வரியின் நம்பரைப் போட்டார். அணைக்கப்பட்டிருந்தது. இவர்தானே அணைக்கச் சொன்னவர்!

மணிவண்ணனுக்கு நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. வாயில் உமிழ்நீர் ஊறியது, குமட்டியது. சீ, இப்படியா ஒரு ஆம்பளை பயப்படுவான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பயத்தை மறைக்க வழக்கம்போல வாயைத் திறந்தான். “பன்னிக்குட்டிக்குக் குடுத்துவச்சிருக்கு மேடம். ஓமம், நிலவேம்பு, போதாததுக்குப் பூண்டு. கார் முழுக்கப் பூண்டு ரசம் வாசனை. ரெண்டு அப்பளம் இருந்தா சாப்பாடே முடிஞ்சுது.”

“எனக்கு எந்த வாசனையும் தெரியலை. தலைதான் வலிக்குது,” என்றார் தர்மாம்பாள் கைக்குட்டைக்குள்ளிருந்து. “சளி.”

மணிவண்ணன், நாலு விரற்கடை திறந்திருந்த கண்ணாடிப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் மழைக்காற்றை இழுத்தான். அது கொஞ்சம் சுகமாக இருந்தது.

*

வீரையன் பட்டறையில்தான் இருந்தார். அவரை அங்கே கண்டதும் மணிவண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பக்கம் சுவரே இல்லாத தகரக் கொட்டகை. வளையங்கள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலை ஒட்டியே ஒரு கயிற்றுக்கட்டில்.

“வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களே. உக்காருங்க, இந்தக் கட்டில்லயே உக்காருங்க, நான் இங்கதான் படுக்கிறது,” என்று துண்டால் கட்டிலைத் துடைத்தார். “எனக்கும் ஒரு வாரமா ஒரே தலைவலி. இந்த மழைக்கு யாரு நல்லாருக்கா? உங்களைப் பத்தி என் மவ சொல்லியிருக்கா. சொல்லுங்க, எவன்னு தெரிஞ்சுதா? என் மவ வயித்துல அடிச்ச பாவி எவன்?”

பதில் சொல்ல வேண்டிய மணிவண்ணன் கொட்டகை ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தான். காலையில் தின்ற இட்லி மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

“என்ன தம்பி, என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க. உங்க பூண்டு டப்பாதான். அந்த வாசனையைக் காருக்குள்ள வச்சுக்கிட்டு வந்ததுல கொமட்டிருச்சு.”

“பூண்டா?” வீரையன் சிரித்தார். “பூண்டு டப்பாவை எப்பவோ நிறுத்தியாச்சே தம்பி! பூண்டு வாடை அடிச்சாக் குட்டிங்க கிட்டவே வரலைன்னு ஓமம், நிலவேம்பு ரெண்டோட என் மவ...”

அவர் பாதியில் நின்றுவிட்டார். சிரிப்பு உதட்டில் இருக்க, கண் மட்டும் மாறியது. வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்த மணிவண்ணன் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டான். வலையில் என்ன சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் கையை விட்டவன் முகத்தில்தான் அப்படி ஒரு பயம் வரும்.

தர்மாம்பாள் மெதுவாகக் கேட்டார். “பூண்டே இல்லாம பூண்டு வாசனை எப்படிங்க வரும்?”

வீரையன் காரை நோக்கி ஓடினார். பின்கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேரியரை எடுத்து மழையில் வீசினார். நான்கு கதவுகளையும் திறந்துபோட்டார். “மூடின காருக்குள்ளயா வச்சுக்கிட்டு வந்தீங்க? ஐயோ, மூடின காருக்குள்ளயா?”

“வளையத்துக்குள்ள என்ன இருக்கு?”

“மாத்திரைம்மா. வண்டு மாத்திரை. நெல்லுக் கிடங்குல வைப்போமே, அதுதான்.” அவருக்கு மூச்சு இரைத்தது. “நான் ஆயுசு முழுக்கக் கிடங்குல வேலை பார்த்தவன். ஈரம் உறிஞ்சுற பொட்டலம் வைக்கன்னு என் மவ வளையத்துக்குள்ள ஒரு பள்ளம் வச்சிருந்தா. போன தடவை சரக்குல வண்டு விழுந்து திரும்பி வந்தப்ப உக்காந்து அழுதா. என்னால பார்க்க முடியலை. மூட்டை நடுவுல துணியில முடிஞ்சு வைப்போம்ல, அந்த மாதிரி இந்தப் பள்ளத்துல ஒண்ணொண்ணு வச்சு ஒட்டிட்டேன். பொடியில நான் கையே வைக்கலம்மா! பொடிமேல படக் கூடாதுன்னுதான் வளையத்துல வச்சேன். திறந்த கொட்டில்தானே, காத்தோட போயிரும்னு நினைச்சேன். மூடின எடத்துல வைச்சா மனுஷனே தாங்க மாட்டான், அது எனக்குத் தெரியாதா?”

“குட்டிக் கூண்டைத் தார்ப்பாய் போட்டு மூடுவாங்க,” என்றார் தர்மாம்பாள்.

“எனக்குத் தெரியாதும்மா. நான் பன்னிப் பண்ணைக்குள்ள காலே வச்சதில்லை. குட்டிங்க செத்ததும், எவனோ பொடியில விஷத்தைக் கலந்துட்டான்னுதான் நானும் ஊரெல்லாம் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“ஈரம் பட்டா?”

“ஈரம் பட்டாத்தான் அதுலேர்ந்து விஷக்காத்து கெளம்பும். வாடை பூண்டாட்டம் இருக்கும்.” அவர் சட்டென்று நிமிர்ந்தார். “திரும்பி வந்த கேரியரெல்லாம் மழையில நனைஞ்சுதானே வந்துது? அதெல்லாம் இப்ப எங்க இருக்கு? முன்கொட்டகையிலதானே?”

தர்மாம்பாள் மணிவண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது.

காலையில் அந்தப் பெண் போனில் அழுதுகொண்டே, “தம்பி, கொட்டகையில கெடக்கிற கேரியரை எவனாவது எடுத்து இன்னும் எதையாவது கலந்துட்டா என்ன பண்றது?” என்று கேட்டாள். தர்மாம்பாள் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். போன் இவன் கையில் இருந்தது. இவன்தான், இந்தப் பாழாய்ப்போன வாய்தான், அவளைச் சிரிக்கவைக்கிறேன் பேர்வழி என்று சொன்னது: “எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டு மேல படுத்துக்குங்கக்கா. எவன் வர்றான்னு பார்த்துருவோம்!”

அவள் சிரிக்கவில்லை. “சரிங்க தம்பி” என்றாள்.

“மேடம்,” என்றான். கை கார்ச் சாவியைத் தேடியது. “கட்டிலுக்குக் கீழ இருக்கு மேடம்.”

*

மன்னார்குடியிலிருந்து வடுவூர் வரை எப்படி ஓட்டினான் என்று பிறகு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கார் கதவு ஒன்று சரியாகச் சாத்தாமல் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தது. தர்மாம்பாள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, விடாமல் அந்த அணைந்த நம்பருக்கே போட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் வீரையன், “என் தாயீ, என் தாயீ” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மணிவண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை.

வயல் நடுவே அந்த வீடு. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இவர்கள் சொன்னபடியே எல்லாம் கனகச்சிதமாகச் சாத்தியிருந்தது.

“அக்கா! மணி வந்திருக்கேன்க்கா! திறங்க!”

மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காரிலிருந்த ஜாக்கிக் கம்பியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். குப்பென்று பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பிரகதீஸ்வரி தரையில் கிடந்தாள். வாசல் பக்கமாக ஒரு கை நீண்டிருந்தது. உத்தரத்தில் தொங்கிய தூளி ஆடாமல் அசையாமல் நின்றது.

கொல்லைக் கதவு லேசானது. அதே கம்பியால் நெம்பி, தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். உள்ளே பாயப்போன வீரையனைத் தர்மாம்பாள் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நீங்க வேண்டாம்! விழுந்துட்டா உங்களையும் தூக்கணும். மணி, உன்னால மூச்சை அடக்க முடியுமா?”

கடலில் முங்கி முங்கிப் பழகிய நெஞ்சு அது. இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனான். முதலில் தூளி. துணியோடு அள்ளிக்கொண்டு ஓடிவந்து தர்மாம்பாள் கையில் போட்டான். மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு போய், பிரகதீஸ்வரியின் தோளுக்கடியில் கைகொடுத்து இழுத்தான். கட்டிலுக்குக் கீழே கேரியர்கள் வரிசையாக, அழகாக அடுக்கியிருந்ததைக் கண் பார்த்துவிட்டது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வெளியே வந்தபோது குழந்தை இன்னும் அழவில்லை. மணிவண்ணன் தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். நாகூர் ஆண்டவரையும் விடவில்லை. ஓட்டிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் அந்தச் சின்ன முகத்தில் சொட்டியது. பூமிகா முகத்தைச் சுளித்தாள். பிறகு வீலென்று கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு தர்மாம்பாளும் அழுதுவிட்டார்.

“தூளியை உசரத்துல கட்டி வச்சிருக்கா. அந்தக் காத்து கீழயே படுத்துக் கெடக்கும். அதான் புள்ளை தப்பிச்சுது,” என்று வீரையன் பிதற்றிக்கொண்டே மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள். இமை அசைந்தது. குழந்தையின் குரல் வந்த திக்கில் கண்ணைத் திருப்பினாள். பிறகுதான் மணிவண்ணன் நிற்பது தெரிந்தது.

“தம்பி... நீங்க சொன்ன மாதிரியே கட்டிலுக்குக் கீழதான் வச்சேன். ஒருத்தனும் கிட்ட வரலை.”

 மணிவண்ணன் மழையில் நின்று அழுதான்.

அவள் தர்மாம்பாளைப் பார்த்தாள். “யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?”

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் தர்மாம்பாள் வாயைத் திறந்தார். வீரையன் முந்திக்கொண்டார்.

“நான்தாம்மா,” என்றார். “வண்டு விழக் கூடாதுன்னு வளையத்துக்குள்ள மாத்திரை வச்சேன். நான்தான் வச்சேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒருமுறை தளர்ந்தன. மணிவண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் நெருங்கியது.

“எல்லா வளையத்துலயுமாப்பா?”

“எல்லாத்துலயும் தாயீ.”

அவள் கண்ணை மூடினாள். மறுபடி திறந்தபோது தர்மாம்பாளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

“ஆம்புலன்ஸ்ல அப்பாவையும் ஏத்துங்க மேடம். அந்த வளையத்துக்குப் பக்கத்துலதான் அவரு தினமும் படுக்கிறாரு.”